ஒரே ஆடியில் அத்தனை மொய் விருந்து

வட்டி ஏறியதால் எங்கோ ஒரு வங்கி மூழ்கிவிட்டதாம். கோட்டுப் போட்ட ஒருவர் டிவியில் ஒரு மணி நேரம் விளக்கினார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. அதே காரியத்தை எங்கள் மாமா, கோட்டு என்ன, சட்டைகூடப் போடாமல் கீரமங்கலத்தில் செய்து காட்டியிருக்கிறார்.

எனக்கு ஆறு வயதில் மாமா மொய் விருந்து வைத்தார். எங்கள் பக்கத்தில் அதைக் கல்யாணத்துக்கோ காதுகுத்துக்கோ வைப்பதில்லை, பணத்துக்காகவே வைப்பார்கள். பந்தல் போட்டு ஆட்டுக்கறிச் சோறு போட்டால், வருகிறவர்கள் சாப்பிட்டு மொய் எழுதிவிட்டுப் போவார்கள். பிறகு அவர்கள் விருந்து வைக்கும்போது வாங்கியதைத் திருப்பி, மேலே கொஞ்சம் புதிதாகவும் போட வேண்டும். போடாதவனை ஊரில் மனிதனாகவே மதிக்க மாட்டார்கள்.

மாமாவுக்குப் பணம் கொட்டியது. அவ்வளவையும் கொடுத்து ஒரு தென்னந்தோப்பை ஒத்திக்குப் பிடித்தார். வட்டிக்குப் பதிலாக ஐந்து வருடம் காய் வெட்டிக்கொள்ளலாம், அதுவரை தோப்புக்காரரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்க முடியாது. எந்த நேரமும் திரும்பப் போக வேண்டிய பணத்தை ஐந்து வருடத்துக்குப் பூட்டிவைத்தார். சுத்த மடத்தனம்.

அத்தை அன்றைக்கே கேட்டார். "ஏங்க, கையில கொஞ்சம் வச்சுக்கக் கூடாதா? எல்லாரும் ஒண்ணா பந்தலப் போட்டா என்ன செய்வீங்க?"

"ஒனக்கென்ன கிறுக்காடி? ஊரே ஒரே மாசத்துல விருந்து வச்சா, திங்கிறதுக்கு ஆளுக்கு எங்கிட்டுப் போறது?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இரண்டாம் வருடம் டவுன் பைனான்ஸ்காரர்கள் வட்டியை ஏற்றினார்கள். பிறகு மறுபடியும் ஏற்றினார்கள். மொய்யாகக் கிடக்கும் பணத்தை எடுத்து அங்கே போட ஊருக்கே ஆசை வந்துவிட்டது. எடுக்க ஒரே வழி விருந்து வைப்பதுதான். போதாததற்கு, மாமா கையில் காசில்லை என்று டீக்கடையில் எவனோ கொளுத்திப் போட்டான். பிறகு வைக்கலாம் என்றிருந்தவர்கள்கூட அந்த ஆடியிலேயே பந்தல் போட்டார்கள்.

மாமா ஒத்தியைக் கைமாற்றப் பார்த்தார். வந்தவர் தோப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"மாப்ள, இது வட்டி கம்மியா இருந்தப்பப் போட்ட காசு. இப்ப அதே காச டவுன்ல போட்டா இந்தக் காயவிட நல்லா வரும். பாதிக்குன்னா வாங்கிக்கிறேன்."

"எங்கறியத் தின்னுட்டு எந்தோப்பையும் திங்க வாரியா?" என்று மாமா கத்தினார். கத்திவிட்டுப் பாதிக்கே கொடுத்தார். அது பத்தாமல் அத்தையின் சங்கிலியும் போனது. ஆனால் ஒரு பந்தலிலும் மாமா தலைகுனியவில்லை.

எனக்கோ அந்த மாதம் தினமும் தீபாவளி. பள்ளிக்கூடம் விட்டதும் மாமாவின் மொபெட்டில் தொற்றிக்கொள்வேன். நான் எலும்பைக் கடித்துக்கொண்டிருக்கும்போதே மைக்கில் மாமாவின் பெயரும் தொகையும் கணீரென்று வரும்.

"மாமா, அடுத்த வருசமும் எல்லாரும் இப்படியே வைப்பாகளா?"

"வாய மூடிக்கிட்டுத் தின்னு, கழுத."

பந்தலுக்குப் பந்தல் கட்டுக்கட்டாக எடுத்துக் கொடுக்கிறாரே! கீரமங்கலத்திலேயே பெரிய பணக்காரர் எங்கள் மாமாதான் என்று வகுப்பு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.