பிஜலிதியின் மீன்முள்

பிஜலி ஹால்தார் கொல்கத்தாவில் இருபத்திரண்டு வருடம் அடுத்தவர்களின் ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்தார். பல்கலைக்கழகத்துக்குப் பின்னால் உள்ள சந்தில் ஒரே ஒரு அறைதான் எங்கள் கடை. கதவோரம் அவருடைய மேசை. உள்ளே ஜெராக்ஸ் மெஷின், பசை வாளி, வெட்டுக்கத்தி, நான். என் பெயர் துலால். பைண்டிங் என் வேலை. முனைவர் பட்டம் வாங்க வருகிற பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் பிஜலிதி, அதாவது பிஜலி அக்கா. என்னை யாரும் எதுவும் கூப்பிட மாட்டார்கள். "இதை அஞ்சு காப்பி" என்பார்கள்.

பிஜலிதி பத்தாவது வரைதான் படித்தவர். இங்கிலீஷை எழுத்து எழுத்தாகப் பார்த்துத்தான் தட்ட ஆரம்பித்தார். தொண்ணூறுகளில் இங்கிலீஷ் துறையில் பின்காலனியம் என்ற ஒன்று பரவியது. சளிக்காய்ச்சல் மாதிரி ஒருத்தர் விடாமல் எல்லோருக்கும் அது வந்தது. வருகிற ஆய்வேடெல்லாம் பெண் குரல், மௌனம், அதிகாரம், மற்றமை, விளிம்பு என்றுதான் இருக்கும். முதன்முதலாக ஒரு பெண் தன் ஏட்டில் 'பெண் கவிஞர்கள் விளிம்பில் வைக்கப்பட்டுள்ளனர்' என்று எழுதிக் கொண்டுவந்தபோது பிஜலிதி கண்ணாடியை இறக்கிக்கொண்டு கேட்டார்.

"வைக்கலாம்மா. எவ்வளவு விளிம்பு? ஒன்றரை இஞ்சு விட்டால்தான் துலால் தைக்க முடியும்."

ஆனால் மூளை உள்ள மனுஷி. நாலு வருடத்தில் அந்தச் சொற்கள் எல்லாம் அவர் நாக்கில் ஏறிவிட்டன. தராசில் கட்டைவிரலை வைத்த மீன்காரனிடம், "இது அதிகாரத்தோட வன்முறை, விரலை எடு" என்றார். அவன் பயந்துபோய் ஒரு கெண்டைக்குஞ்சு கூடப் போட்டான். கணவர் நிதாய், டிராம் கண்டக்டர், சாது. அவரிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "நீங்க என்னை மற்றமையாக்குறீங்க" என்றிருக்கிறார்.

"நான் உன்னை ஒண்ணும் ஆக்கலையே, டீதானே கேட்டேன்" என்று அவர் என்னிடம் வந்து புலம்பினார்.

பிஜலிதிக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில், அச்சில் கெட்டுப்போன தாள்களின் பின்பக்கம் நாலு நாலு வரியாக எதையாவது எழுதுவார். பெரும்பாலும் வீட்டுப் புகார். எழுதிப் படித்துக் காட்டிவிட்டு, அதே தாளில் பொரியைக் கொட்டிச் சாப்பிடுவார். அதைக் கவிதை என்று அவரும் சொன்னதில்லை, நானும் நினைத்ததில்லை.

இப்படி இருக்கும்போது ரிதங்கர் லாஹிரி வந்தான். ஒல்லிப் பையன், ஜோல்னாப் பை, காலனியக் கால வங்காளப் பெண்களின் குரல் பற்றி ஆறு வருடமாக ஆராய்ச்சி. கிருஷ்ணநகரில் ஒரு பழைய ஜமீன் வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடந்த காகிதங்களை இரவல் வாங்கி, நகலெடுக்கக் கொண்டுவந்தான். அப்பளம் மாதிரி நொறுங்கும் காகிதங்கள். மேசைமேல் வைத்தான். மின்விசிறியைப் போட்டேன். அவன் காகிதமும் எங்கள் காகிதமுமாக அறை முழுக்கப் பறந்தது. நான்தான் குனிந்து பொறுக்கி அடுக்கி, மேல்பக்கத்தை மட்டும் நகலெடுத்துக் கொடுத்தேன். இதில் என் தப்பு எவ்வளவு என்று இன்றுவரை நான் கணக்குப் பார்க்கவில்லை.

ஒன்பது மாதம் கழித்து ரிதங்கர் நான்காம் அத்தியாயத்துடன் ஓடி வந்தான். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"பிஜலிதி, கண்டுபிடிச்சுட்டேன்! பேரே தெரியாத ஒரு பெண் கவிஞர். சுமார் ஆயிரத்து எண்ணூற்று எண்பது. ஒரே ஒரு கவிதைதான் கிடைச்சிருக்கு. அதுக்கே நாற்பது பக்கம் எழுதியிருக்கேன்."

பிஜலிதி தட்ட ஆரம்பித்தார். இரண்டாம் பக்கத்தில் விரல் நின்றது. அங்கே இருந்தது இது:

மீன்தலை அவருக்கு, நடுத்துண்டு மகனுக்கு,
முள் எனக்கு.
அது தொண்டையில் மாட்டியதால் பேசாதிருக்கிறேன்,
அடக்கம் என்கிறார்கள்.

"துலால், இங்க வா. இது நான் எழுதினது இல்லையா? போன வருஷம், பார்ஷே மீன் முள்ளு மாட்டி ரெண்டு நாள் வாழைப்பழமா முழுங்கினேனே, அப்போ?"

நான் பார்த்தேன். அவருடையதுதான். 'அடக்கம்' என்ற சொல்லை அவர் எப்போதும் எழுதுகிற அதே தப்பான எழுத்தில் இருந்தது. அதற்கு ரிதங்கர் அடிக்குறிப்பு போட்டிருந்தான்: 'அக்கால எழுத்துமுறை, கவனிக்கத்தக்கது.' தாளில் இருந்த கறைக்கும் ஒரு குறிப்பு இருந்தது, காலத்தின் சுவடு என்று. அது பருப்பு.

பிஜலிதி அன்றே அவனிடம் சொன்னார். "தம்பி, இதை எழுதினது நான்தான்."

அவன் உருகிப்போனான். "அப்படித்தான் தோணும் பிஜலிதி! படிக்கிற ஒவ்வொரு பொண்ணுக்கும் அது தானே எழுதின மாதிரி இருக்கும். அதைத்தான் முப்பத்தோராம் பக்கத்துல சொல்லியிருக்கேன்."

"இல்லப்பா, நிஜமாவே நான்தான். இந்த மேசையிலதான் எழுதினேன்."

"ஆகா, இதையும் சேர்த்துக்கலாம். வாசகியின் உரிமைகோரல்!" என்று நோட்டில் குறித்துக்கொண்டு போய்விட்டான். நாலு நாளில் ஏட்டைச் சமர்ப்பிக்க வேண்டும், அவனுக்கு நிற்க நேரமில்லை.

பிஜலிதிக்குக் கோபம் வரவில்லை. உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது. நாற்பது பக்கம் யார் எழுதுவார்கள்? 'முள்' என்பது ஆங்கில ஆட்சி, 'அவர்' என்பது லண்டன், 'தொண்டை' என்பது கங்கைச் சமவெளி என்று ஒவ்வொன்றாகத் தட்டும்போது, "அடேயப்பா, நான் இவ்வளவு யோசிச்சிருக்கேனா!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஆனால் கடைசிப் பத்திக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. கவிதை நாலு வரியில் அறுந்துபோவதைப் பற்றி அவன் எழுதியிருந்தான்: 'இதற்குமேல் இப்பெண்ணால் பேச இயலவில்லை. வரலாறு அவள் வாயை மூடிவிட்டது.'

"யாரு வாயை யாரு மூடினது?" என்றார் பிஜலிதி. "இன்னும் எட்டு வரி இருக்கு. அன்னைக்குப் பொரிக்காரன் வந்தான், எழுந்து போனேன், அவ்வளவுதான். நான் பேசலைன்னு இவன் எப்படிச் சொல்லலாம்?"

வாய்மொழித் தேர்வு அன்று பைண்டு போட்ட பிரதிகளைத் தூக்கிக்கொண்டு நான் போக வேண்டியிருந்தது. பிஜலிதியும் கிளம்பினார். கஞ்சி போட்ட தாந்த் கைத்தறிப் புடவை, புதுச் செருப்பு. பொதுமக்கள் வரலாம் என்று அறிவிப்பில் போட்டிருந்தது. "நான் பொதுமக்கள்தானே?" என்றார்.

துறைக் கருத்தரங்க அறையில் முப்பது பேர் இருந்தார்கள். வெளியூரிலிருந்து தேர்வாளராக வந்தவர் பேராசிரியர் மஞ்சரி பாகச்சி. கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருப்பார், சிரிப்பதே இல்லை என்று பேர். முதல் வரிசையில் கிருஷ்ணநகர் ஜமீன் வீட்டுப் பெரியவர் பிரஜேஷ்வர் ராய்சௌதுரி, வெள்ளை வேட்டியும் வெள்ளிப்பூண் தடியுமாக உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் பட்டுத்துணியில் சுற்றிய ஒரு கண்ணாடிச் சட்டம். அதற்குள், ரிதங்கர் திருப்பிக் கொடுத்த காகிதங்களோடு போன பிஜலிதியின் தாள்.

"எங்க கொள்ளுப்பாட்டி ஹேமநளினி எழுதினது" என்று பக்கத்தில் இருப்பவர்களிடம் எல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். "சின்ன வயசுலயே பெரிய ஞானம். கையெழுத்தைப் பாருங்க, அப்படியே எங்க குடும்பக் கை."

ரிதங்கர் முக்கால் மணி நேரம் பேசினான். முள், லண்டன், கங்கை. தலைகள் ஆடின. கேள்வி நேரம் வந்ததும் பின்வரிசையில் பிஜலிதி கையைத் தூக்கினார்.

"முள்ளுன்னா முள்ளுதாங்க. பார்ஷே மீன் முள்ளு."

அறையே திரும்பிப் பார்த்தது. தலைமை வகித்த துறைத்தலைவர் பணிவாகச் சொன்னார்: "அம்மா, சாதாரணப் பெண்களோட குரலை எப்படிக் கேட்கிறதுன்னுதான் இங்க பேசிட்டிருக்கோம். கொஞ்சம் குறுக்கே பேசாம உட்காருங்க."

பிஜலிதி உட்காரவில்லை. "அந்தக் கவிதை என்னுது. மிச்சம் எட்டு வரியும் சொல்றேன், கேளுங்க."

"என்ன திமிர்!" என்று ஜமீன்தார் தடியைத் தட்டினார். "எங்க பாட்டியோட சொத்தை ரோட்டுல போற பொம்பளை கேட்கிறா!"

"நான் ரோட்டுல போகலை ஐயா, நடந்து வந்து உட்கார்ந்திருக்கேன். அந்தச் சட்டத்தைக் கழட்டித் தாளைத் திருப்பிப் பாருங்க."

மஞ்சரி பாகச்சி முதன்முறையாகக் கண்ணாடியை மூக்கில் ஏற்றினார். "திருப்பிப் பார்க்கிறதுல என்ன நஷ்டம்? மூலப்பிரதியை நானும் பார்க்கணும்."

சட்டத்தின் பின்பக்கம் ஆணி அடித்திருந்தது. என் பையில் பைண்டிங் கத்தி இருந்ததால் நான்தான் முன்வரிசைக்குப் போக வேண்டியதாயிற்று. அட்டையை நெம்பி எடுத்து, தாளைப் பேராசிரியரிடம் கொடுத்தேன். அவர் திருப்பினார். மைக் பக்கத்தில் நின்று கணீரென்று படித்தார்:

"உருளைக்கிழங்குச் செடிகளில் இலைக்கருகல் நோய். தாவரவியல் துறை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறு."

எல்லோரும் ஜமீன்தார் பக்கம் திரும்பினார்கள். அவர் விட்டுக்கொடுக்கவில்லை. "எங்க பாட்டி காலத்துலயும் உருளைக்கிழங்கு இருந்ததே!" என்றார்.

மஞ்சரி பாகச்சி சிரித்தார். கண்ணாடி சங்கிலியோடு குதிக்கிற அளவுக்குச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த எட்டு வரியைச் சொல்லுங்க" என்றார்.

பிஜலிதி முந்தானையை இழுத்துக்கொண்டு சொன்னார். குக்கர் விசில் அடிக்கிறது, வீட்டில் பேச அதற்கு மட்டும் அனுமதி என்று ஒரு இடம் வரும். அந்த வரிக்குப் பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். ரிதங்கர் மேசையில் நெற்றியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அவனைப் பார்க்க பிஜலிதிக்கே பாவமாகிவிட்டது. "பையன் கெட்டிக்காரன் மேடம், பெயில் பண்ணிடாதீங்க. தேதிதான் தப்பு. மத்தபடி நல்லாத்தான் புரிஞ்சுக்கிட்டான். லண்டன் மட்டும் எனக்குத் தெரியாது" என்று சிபாரிசு செய்தார்.

நான்காம் அத்தியாயத்தை மூன்று மாதத்தில் திருத்தி எழுதச் சொல்லிவிட்டார்கள். அடுத்த வாரமே ரிதங்கர் டேப் ரெக்கார்டரோடு கடைக்கு வந்தான், இப்போது அத்தியாயமே பிஜலிதி பற்றித்தான். கேள்வி கேட்டான், பதில் வாங்கினான், எழுதிக்கொண்டு வந்தான். யார் தட்டச்சு செய்வது? அவரேதான்.

"'கூச்சத்துடன் பதிலளித்தார்'னு போட்டிருக்கே. நான் எங்கே கூச்சப்பட்டேன்? வாயில பொரி இருந்துச்சு."

"பிஜலிதி, அது என் அவதானிப்பு..."

"அவதானிப்பை அடிச்சுட்டேன்" என்றார், தட்டிக்கொண்டே. அதோடு விடவில்லை. அவன் எழுதிய பக்கங்களுக்குக் கீழே அடிக்குறிப்பாகத் தன் மறுப்புகளையும் சேர்த்தார். முப்பத்தேழு மறுப்பு. மஞ்சரி பாகச்சி ஏட்டைப் படித்துவிட்டு, அடிக்குறிப்புகள்தான் மேல் என்று எழுதி அனுப்பினாராம். ரிதங்கர் அதையும் சகித்துக்கொண்டான். பட்டம் வந்தது. இனிப்புப் பெட்டியோடு வந்து பிஜலிதி காலைத் தொட்டுக் கும்பிட்டான்.

கவிதை, 'அவர்' லண்டனான கதையோடு, ஒரு சிற்றிதழில் வந்தது. பேட்டையில் எல்லோரும் படித்துவிட்டு, நிதாயின் டிராமில் ஏறும்போதெல்லாம், "என்னய்யா லண்டன், டிக்கெட் கொடு" என்று கேலி செய்தார்கள். மனிதர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் கட்லா மீனின் தலையை எடுத்து பிஜலிதி தட்டில் வைத்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"எனக்குத் தலை பிடிக்காது" என்றார் பிஜலிதி. "அது என்னையே முறைக்குது."

"அப்புறம் என்ன கண்றாவிக்குக் கவிதை எழுதினே?"

"கேட்டிருக்கணும்ல? கொடுக்கட்டுமான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

அன்றிலிருந்து அவர் தினமும் கேட்பார். தினமும் பிஜலிதி வேண்டாம் என்பார். தலையை நிதாயே சாப்பிடுவார். இருவருக்கும் அது பிடித்துப்போனது.

பிறகு பிஜலிதிக்குக் கூட்டங்களுக்கு அழைப்பு வர ஆரம்பித்தது. முதல் அழைப்பு, வடக்கே இமயமலை அடிவாரத்தில் இருக்கும் சிலிகுடியின் புத்தகக் காட்சி. தனியாக ரயிலேறி அதுவரை போனதில்லை. நிதாய் பொட்டலம் கட்டிக் கொடுத்தார், நான் ஹௌரா ஸ்டேஷன் வரை போய் ஏற்றிவிட்டேன். மூன்று நாள் கழித்துச் சளியோடும் ஒரு பெரிய கம்பளிக் குல்லாவோடும் திரும்பினார். மேடையில் பதினைந்து நிமிடம் பேசினாராம், மைக் வேலை செய்யவில்லையாம், அப்படியும் கடைசி வரிசை வரை கேட்டதாம்.

"மலை பார்த்தீங்களா பிஜலிதி? காஞ்சன்ஜங்கா தெரியுமே அங்கிருந்து" என்று கேட்டேன்.

"மூணு நாளும் ஒரே மேகம்" என்று மூக்கை உறிஞ்சினார். "ஆனா மலை அங்கேதான் இருக்குன்னு டீக்கடைக்காரி சொன்னா. நான் ஆதாரம் கேட்கலை, உடனே நம்பிட்டேன்."