மார்ச்சில் பூத்து முடியும் தோட்டம்

மண்டியிட்டிருக்கிறாள் ரதோய்கா. கையில் மண்வெட்டி இல்லை, கரண்டியும் இல்லை. முனை மழுங்கிய ஒரு மரக்குச்சி மட்டும். ஓக் மரத்தின் இரண்டு வேர்களுக்கு நடுவே விரலை விட்டுப் பார்க்கிறாள். வேர் தட்டுகிறது. நகர்ந்து இன்னொரு இடம். அங்கும் வேர். அடுத்ததில் விரல் பாதி இறங்கியதும், "இங்க ஒருத்திக்கு இடம் இருக்கு" என்கிறாள், பக்கத்தில் யாரோ நிற்பதுபோல. யாரும் இல்லை.

மரம் ஊருக்குச் சொந்தம். அதன் பட்டையில் செதுக்கிய சிலுவையைப் பாதிரியார் ஆகஸ்ட் திருவிழாவில் புதுப்பிப்பார். ஊர் மரத்தைச் சுற்றி வரும். கிளை ஒடிக்கக் கூடாது, விழுந்த சுள்ளியைக்கூட அடுப்புக்கு எடுக்கக் கூடாது, அடியில் இரும்பு படக் கூடாது. இதையெல்லாம் நினைவில் வைத்திருப்பவர்கள் ஊரில் சிலரே. மற்றவர்கள் பிழைப்புக்காக வியன்னாவில் இருக்கிறார்கள். வாசலுக்கு எதிரே நிற்பதால் மரத்தின் காலடி ரதோய்காவின் பொறுப்பாகிவிட்டது. யாரும் கொடுத்த பொறுப்பல்ல.

காட்டில் ஓக் நிழலில் தானாக வளரும் செடிகளை மட்டுமே கொண்டுவந்து நடுவாள். அதுவும் அடர்ந்த கூட்டத்திலிருந்து ஒன்றே ஒன்று. ரோஜா, டேலியா பக்கம் திரும்பியும் பார்ப்பதில்லை. "அதெல்லாம் பெரிய தீனிக்காரிங்க. தண்ணி தண்ணின்னு கத்தும். இந்தக் கிழவனுக்குக் கோடையில கால் ஈரமா இருந்தா ஆகாது." அவளைக் கேட்டால் நல்ல செடிக்கு லட்சணம் இது: "கொஞ்சமா சாப்பிடணும், வெள்ளன எந்திரிக்கணும், சத்தம் போடாம தூங்கப் போகணும்."

"மருமக தேடுற மாதிரியில்ல தேடுற!" என்பார் ஆடு மேய்க்கும் திஹோமிர்.

"மருமக இதுல ஒண்ணும் செய்ய மாட்டா. செடி செய்யும்."

வெள்ளன எழுவதில்தான் வினையும் இருக்கிறது. ஓக் இலை விடுவதற்குள் வெயிலைக் குடித்து முடிக்க வேண்டும் என்று, பனி முழுக்க உருகுமுன்பே வெள்ளைப் பூக்கள் தலையைத் தொங்கவிட்டு வந்துவிடும். பிறகு நீலம், பிறகு மஞ்சள். மார்ச்சில் மரத்தடி தறியிலிருந்து இறக்கிய கம்பளம்போலக் கிடக்கும். மார்ச்சில் ஊருக்கு யார் வருகிறார்கள்? ஆகஸ்டில் கார்கள் வந்து நிற்கும்போது சருகும் மொட்டைத் தரையும்தான். வியன்னாவிலிருந்து வரும் மகன் ஸ்வெஸ்தான் வருஷா வருஷம் கேட்பான்: "பொழுதன்னைக்கும் அங்கதான் கெடக்கேங்குற. என்னம்மா வளத்த? புழுதியா?" படம் எடுத்து அனுப்பலாம் என்றால் அவளிடம் இருப்பது பட்டன் போன்.

"நான் பாத்திருக்கேன்டா" என்று திஹோமிர் சாட்சிக்கு வருவார். "என் ஆடும் பாத்துச்சு. பாத்ததோட நிக்கல."

அதனால்தான் சில வருஷங்களுக்கு முன் மலைச்சரிவிலிருந்து சைக்ளமன் பூச்செடியின் கிழங்குகளைக் கொண்டுவந்தாள். கோடை முடிகிற நேரத்தில், அந்த நிழலில், அந்தக் காய்ந்த மண்ணில் பூக்கத் துணிவது அவளுக்குத் தெரிந்து அது ஒன்றுதான். ஆழத்தில் வைத்தால் பூக்காது. மேல் மண்ணிலேயே படுக்கவைத்து, அதே மரத்தின் சருகைப் போர்த்திவிட்டாள். பூக்கவில்லை. அடுத்த வருஷமும் இல்லை. இந்த ஆகஸ்டில், திருவிழாவுக்கு முந்தைய நாள் சருகை விலக்கினால், கழுத்தை மடித்துக்கொண்டு இளஞ்சிவப்பு மொட்டுகள். நாளைக்கு மகன் கண்ணாலேயே பார்ப்பான். அன்று குடைமிளகாய் சுட்டுக்கொண்டே அவள் பாடியது திஹோமிரின் வீடுவரை கேட்டிருக்கிறது.

ஸ்வெஸ்தான் அன்று மாலையே வந்துவிட்டான், காருக்குப் பின்னால் ட்ரெய்லருடன். பாலாடைக்கட்டி அப்பத்துக்கு மாவை மெல்லிசாக இழுத்து விரித்துக்கொண்டிருந்தவளுக்கு அவன் வந்ததே தெரியாது. அம்மாவை அசத்த நினைத்து, உள்ளே வராமலே வேலையைத் தொடங்கியிருந்தான். மாவுக் கையோடு அவள் வெளியே வந்தபோது மரத்தைச் சுற்றிக் கணுக்கால் புதையும் அளவுக்குக் கருப்பு மண்.

"எப்படி?" நனைந்த சட்டையோடு சிரித்தான். "சுத்தமான தோட்ட மண்ணும்மா. இனி நீ எத வச்சாலும் வரும். நீ புழுதியில மண்டி போடுறத நெனச்சா அங்க எனக்கு ரொட்டி எறங்கல."

தேவாலயத்தருகே நின்ற ஓக் பட்டுப்போனது இப்படித்தான். சுற்றி மேடை கட்டி மண் நிரப்பினார்கள். மேலாக மூச்சுவிடும் வேர்கள் திணறி, உச்சிக் கிளையிலிருந்து காய்ந்து வந்தது. அது அவளுக்குத் தெரியும். மொட்டுகள் எந்த இடத்தில் புதைந்திருக்கின்றன என்பதும் தெரியும். ஆனால் அவன் உள்ளங்கையில் கொப்புளம் இருந்தது. அந்த வாசலில் அவன் இறங்கி வேலை செய்து எத்தனை காலமாயிற்று.

"அந்த மண்வெட்டிய மட்டும் தள்ளி வைடா. இரும்பு."

"அட, இன்னுமாம்மா அதெல்லாம்?"

"கை கழுவிட்டு வா. அப்பம் ஆறிடும்."

மறுநாள் ஊர் அந்தக் கருப்பு மண்ணில் கால் புதைய மரத்தைச் சுற்றி வந்தது. ஆளுக்கு ஆள் ஸ்வெஸ்தானின் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். அதற்கடுத்த காலை கார்கள் கிளம்பின.

மறுபடி மண்டியிட்டாள். மரக் கிண்ணத்தால் மண்ணை அள்ளித் தள்ளுவண்டியில் கொட்டத் தொடங்கினாள். வேலியோரம் வந்து நின்றார் திஹோமிர்.

"தக்காளிப் பாத்திக்கா அக்கா?"

"ஆமா."

"அவன்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

அவள் அள்ளிக்கொண்டே இருந்தாள். அவர் ஆடுகளின் பின்னால் போய்விட்டார். இரண்டு வேர்களின் அணைப்பில் ஒரு மொட்டு கிடைத்தது. வெளுத்து, நசுங்கி, ஆனால் காம்பு ஒடியவில்லை. அதன்மேல் ஒட்டியிருந்த மண்ணை ஊதினாள்.

மேலங்கிப் பையில் போன் அடித்தது. ஸ்வெஸ்தான்தான். எல்லையைத் தாண்டிவிட்டானாம்.

"மண்ணு எப்படிம்மா இருக்கு?"

"நல்ல மண்ணுடா. கருகருன்னு."

"தெனமும் தண்ணி ஊத்து."

"ஊத்துறேன்."

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, அவனுக்குச் சத்தம் கேட்டுவிடாமல், அடுத்த கிண்ணத்தை மெல்ல வண்டிக்குள் சாய்த்தாள்.