செருப்புப் பிரிவில் ஒரு ரகசிய வாடிக்கையாளர்

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் உங்கள் இஷ்டம். இது கட்டுக்கதை இல்லை. என் கூடப் பிறந்த தங்கைக்கு நடந்தது. கடைசியில் நடந்ததற்கு நானே சாட்சி. வீட்டில் அவளைச் 'சின்னவள்' என்றுதான் கூப்பிடுவோம்.

நடந்த இடம் சுடுகாடும் இல்லை, பாழடைந்த பங்களாவும் இல்லை. ஏசி போட்டு, மூலைக்கு மூலை விளக்கு எரியும் மூன்று மாடிக் கடை. நேரமும் பட்டப்பகல். பேய்க்குக் கால் கிடையாது என்பார்கள். இது செருப்பு வாங்கவே வந்தது!

முதலில் சின்னவள் வேலை பார்த்த அந்தக் கம்பெனியின் லட்சணத்தைச் சொல்லிவிடுகிறேன். அங்கே யாரும் வேலைக்காரர் இல்லையாம், எல்லாரும் 'குடும்ப உறுப்பினர்'களாம். நல்ல குடும்பம் போங்கள்! காலையில் கடை திறக்கும் முன் வரிசையாக நின்று கை தட்டி, "விற்போம், விற்போம், சிரித்தே விற்போம்" என்று கத்த வேண்டும். அப்புறம் ராத்திரி கதவு சாத்தும் வரை உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் கடைக்கு மரியாதை போய்விடுமாம். செருப்புப் பிரிவில் மெத்தை வைத்த பெஞ்சு ஒன்று உண்டு, ஆனால் அது போட்டுப் பார்க்க வருகிறவர்களுக்கு. குடும்ப உறுப்பினர் அதன் முன்னால் முட்டி போட்டுக்கொள்ளலாம். காலுக்குக் கம்பெனியே கொடுத்த கறுப்பு ஷூ. கருங்கல்லைக் கட்டிக்கொண்டு நடப்பது அதைவிடச் சுகம்.

இவர்களை மேய்க்க ஒரு மாடி மேனேஜர். அவருக்குப் பெண்கள் வைத்த பெயர் 'சிரிப்பு சார்'. யார் முகத்திலாவது பல் தெரியவில்லை என்றால் அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். ஆனால் முதலாளியின் டிரைவர் வந்து நின்றால்கூட ஆளுக்கு வாயெல்லாம் பல். மனுஷன் முதுகெலும்பை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வருவார் போல.

இது போதாது என்று இன்னொரு கூத்து. ரகசிய வாடிக்கையாளர்! தலைமை அலுவலகம் ஓர் ஆளை, சாமான் வாங்க வருகிறவர் மாதிரி அனுப்பும். அவர் வேண்டுமென்றே பெட்டி பெட்டியாகத் திறக்கச் சொல்வார், எரிச்சல் மூட்டுவார். நாம் சிரிக்கிறோமா, முகம் சுளிக்கிறோமா என்று பார்த்து மார்க் போடுவார். எப்போது வருவார், யார் வருவார், ஒன்றும் தெரியாது. அதனால் எவர் கொஞ்சம் வம்பு பண்ணினாலும் கடையே நடுங்கும்.

சின்னவளுக்கு அந்த மார்க்தான் உயிர். ஆறு மாதத் தற்காலிகக் காலம் முடியும் கட்டம். நல்ல மார்க் வந்தால் வேலை நிரந்தரம். நிரந்தரம் என்றால் குடும்பத்துக்கு மருத்துவ அட்டை. அட்டை கைக்கு வந்தால்தான் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். இரண்டு கண்ணிலும் புரை முற்றி, அம்மா எங்களைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த வேலையை விட்டுத் தொலைடி" என்று நான் எத்தனையோ தடவை சொன்னேன்.

"பேய்க்கு வாக்கப்பட்டா புளியமரம் ஏறித்தானேக்கா ஆகணும்?" என்று சிரிப்பாள். எந்த வேளையில் சொன்னாளோ!

அன்று செவ்வாய்க்கிழமை. மத்தியானம் மூன்று மணி. மாடியில் ஈ காக்கை இல்லை. சின்னவள் அலமாரியைத் துடைத்துவிட்டுத் திரும்பினாள்.

பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

யார் மாடிக்கு வந்தாலும் வாசலில் 'டிங்' என்று மணி அடிக்கும். அடிக்கவில்லை. யார் பெஞ்சில் உட்கார்ந்தாலும் மெத்தை 'புஸ்' என்று மூச்சு விடும். விடவில்லை. வேறு எந்த இடத்திலாவது வேலை பார்க்கிற பெண்ணாக இருந்தால் அப்போதே சந்தேகப்பட்டிருப்பாள். எங்கள் சின்னவளுக்கு என்ன தோன்றியது தெரியுமா? இப்படிச் சத்தம் போடாமல் வந்து உட்கார்ந்தால் அது ரகசிய வாடிக்கையாளரேதான்!

முப்பத்திரண்டு பல்லையும் காட்டினாள்.

"வணக்கம் மேடம். என்ன பார்க்கறீங்க?"

"காலுக்கு இதமா... ஒண்ணு காட்டும்மா."

முப்பது வயது இருக்கும். தலையை ஒரு முடி பிசகாமல் இழுத்து முடிந்திருந்தாள். வெறுங்கால். இரண்டு பாதமும் வீங்கிக் கிடந்தன.

சின்னவள் முட்டி போட்டு அளவுப் பலகையை வைத்தாள். ஏழாம் நம்பர். அந்த அளவு ஷூவை எடுத்து மாட்டினாள். பாதிகூட ஏறவில்லை.

"இறுக்குதும்மா."

எட்டு. இறுக்கியது. ஒன்பது. அதுவும் இறுக்கியது. மறுபடி அளந்தாள். பலகை ஏழு என்றே காட்டியது. சோதிக்கிறாங்க, சிரி, சிரி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

குதிகாலைப் பிடித்து ஷூவைத் தள்ளினாள். தண்ணீரில் ஊறியது மாதிரிச் சில்லென்றிருந்தது. ஏசிதான் என்று நினைத்தாள். கையை எடுத்தாள். விரல் பட்ட இடத்தில் பள்ளம். அது நிரம்பவே இல்லை... அப்படியே நின்றது.

ஆனாலும் சிரிப்பை விடவில்லை. அம்மாவின் கண் அல்லவா அந்தச் சிரிப்பில் இருந்தது!

பத்தாம் நம்பரை எடுத்து வந்தாள். அதுவும் ஏறவில்லை.

"வேற மாடல் பார்க்கலாமா மேடம்?"

"போட வேண்டாம்மா... கழட்டி விடு."

"எதை மேடம்?"

"கழட்ட முடியலம்மா... கழட்டி விடேன்."

வெறுங்காலில் எதைக் கழற்றுவது? பெஞ்சுக்கு எதிரே, தரையோடு சாய்த்து வைத்த சின்னக் கண்ணாடி ஒன்று உண்டு. கால் மட்டும் தெரியும். சின்னவள் அதைப் பார்த்தாள்.

கண்ணாடியில் அந்தக் காலில் ஷூ இருந்தது.

கறுப்பு ஷூ. கம்பெனி ஷூ. வீங்கிய சதை விளிம்பில் பிதுங்கி நின்றது.

நேரே பார்த்தாள். வெறுங்கால்.

மறுபடி கண்ணாடி.

ஷூ...

"நீயும் நின்னுக்கிட்டே இருக்கியே. இப்படி உட்காரும்மா."

"பரவாயில்ல மேடம். நாங்க... நாங்க உட்காரக் கூடாது."

"நானும் அப்படித்தான் சொன்னேன்."

டக்... டக்... டக்... பின்னால் பூட்ஸ் சத்தம். சிரிப்பு சார்! தரையில் திறந்து கிடந்த பெட்டிகளைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"என்ன இது, சந்தையா?"

சின்னவள் மெல்லச் சொன்னாள். "சார்... சீக்ரெட் கஸ்டமர்."

அவ்வளவுதான். வில்லாக வளைந்தார் மனுஷன். இரண்டு கையையும் கூப்பினார். "வணக்கம் மேடம், வணக்கம்! எங்க சர்வீஸ் திருப்தியா இருக்கா மேடம்? இந்தப் பொண்ணு எங்க குடும்பத்துல ஒருத்தி மேடம்!"

சின்னவள் அப்போதுதான் கவனித்தாள்.

அந்தப் பெண் உட்கார்ந்திருந்தது பெஞ்சின் வலது ஓரம்.

சார் கும்பிட்டது இடது ஓரத்தை.

அங்கே யாரும் இல்லை.

அவருக்கு எங்கேயுமே யாரும் தெரியவில்லை...

சிரித்துக்கொண்டே பின்னால் நகர்ந்து போய்விட்டார்.

புஸ்...

மெத்தை மேலே எழும்பியது. யாரோ எழுந்தது போல.

பெஞ்சு காலி.

மறுநாள் காலைக் கைதட்டலில் சிரிப்பு சார் அறிவித்தார். ரகசிய வாடிக்கையாளரை அவரே நேரில் வரவேற்றாராம். 'மேடத்துக்கு ரொம்பத் திருப்தி' என்று தலைமை அலுவலகத்துக்கும் அளந்துவிட்டிருந்தார். அந்த வாரமே சின்னவளுக்கு வேலை நிரந்தரம். நான்கு நாள் கழித்துத் தலைமை அலுவலகம் கேட்டதாம்: "இந்த மாசம் உங்க கிளைக்கு நாங்க யாரையும் அனுப்பலையே?" சார் வாயைத் திறப்பாரா? காலி பெஞ்சைக் கும்பிட்ட கதையை எந்த வாயால் சொல்வார்? பெட்டிப்பாம்பாக அடங்கிவிட்டார். ஆனால் ஒன்று செய்தார். அந்தப் பெஞ்சை எடுத்துக் குடோனில் போட்டுவிட்டார். இனி செருப்பு வாங்க வருகிறவர்களும் நின்றுகொண்டே போட்டுப் பார்க்கட்டுமாம். எப்பேர்ப்பட்ட மூளை!

கல்லாவில் நிற்கும் அக்காவிடம்தான் சின்னவள் எல்லாவற்றையும் கொட்டினாள். இழுத்து முடிந்த தலை என்றதுமே அந்த அக்காவின் முகம் வெளுத்துவிட்டது.

"உனக்கு முன்னாடி செருப்புப் பிரிவுல இருந்தவ அவ. கால் வீங்கிப் போச்சு, ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு கேட்டா. நிரந்தரமாகறதுக்கு ஒரு நாள்தான் பாக்கி. 'லீவு எடுத்தா முதல்லேருந்து ஆறு மாசம்'னுட்டாரு சார். சரின்னு நின்னா. நான்கூட பெஞ்சுல உட்காருடின்னேன். 'நாம உட்காரக் கூடாதுக்கா'ன்னா. சாயங்காலம் அப்படியே சரிஞ்சவதான். ஆஸ்பத்திரில அந்த ஷூவைக் கழட்டப் பார்த்தாங்க. வரல. போட்டபடியேதான் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனாங்க."

அதைக் கேட்டதும், "உன் நிரந்தரமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். நின்னுடு" என்று நான் சண்டை போட்டேன். சின்னவள் கேட்கவில்லை. அம்மாவின் ஆபரேஷன் முடிகிற வரைக்கும் மட்டும் என்றாள். நானும் அதற்கு மேல் பேசவில்லை. எனக்கும் அம்மாவின் கண்தானே முக்கியமாக இருந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்த அன்று அம்மாவைக் கட்டிலில் சாய்த்து உட்காரவைத்து நான் பக்கத்தில் இருந்தேன். சாயங்காலம் சின்னவள் வேலை முடிந்து ஓடி வந்தாள். கம்பெனி ஷூவைக்கூடக் கழற்றவில்லை, வாசலிலேயே நின்று, "அம்மா, என்னைத் தெரியுதா?" என்றாள்.

அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். முகமெல்லாம் மலர்ந்தது. எத்தனை வருஷம் கழித்து!

"தெரியாம என்னடி? இளைச்சுப் போயிட்டே. வா உள்ளே."

சின்னவள் அழுதுகொண்டே ஓடி வந்து அம்மாவின் மடியில் விழுந்தாள். எனக்கும் கண்ணீர் முட்டியது. அம்மா அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள். ஆனால் பார்வை மட்டும் வாசலிலேயே இருந்தது.

"கூட்டிட்டு வந்த பொண்ணை வாசல்லயே நிக்க வச்சுட்டியேடி. பாவம், கால் ரெண்டும் எப்படி வீங்கிக் கிடக்கு. உள்ள வந்து உட்காரச் சொல்லு."