நாற்பத்திரண்டு கட்டங்களும் சரோஜாவின் முழங்காலும்

ஜனவரி 31, சனிக்கிழமை, காலை 10 மணி 40 நிமிடம். வெயில் 30 டிகிரி. காற்று இல்லை. வானத்தில் மேகமே இல்லை என்று எழுத வந்தேன்... இரண்டு இருந்தன. திருப்பரங்குன்றம் மலைக்கு மேலே, சின்னதாக.

அந்த நேரத்தில்தான் நானும் என் மனைவி சரோஜாவும் திருமங்கலம் ரோட்டில் ஒரு கார் ஷோரூமுக்குள் நுழைந்தோம். மார்கழி முடியட்டும் என்று காத்திருந்து, தையிலும் பதினாறு நாளைக் கடத்திவிட்டுப் போனோம். திருநகரில் எங்கள் வீட்டிலிருந்து 640 அடி வைத்தால் ஷோரூம். சரோஜா மெதுவாக நடப்பாள். காலைத் தூக்கி எதிலும் ஏறத்தான் முடியாது. இரண்டு முழங்காலும் போய்விட்டன.

எழுபத்து மூன்று வயதில் எனக்குக் கார் எதற்கு? கோச்சடைக்காக. அங்கே சரோஜாவின் அக்கா இருக்கிறார். வீட்டிலிருந்து ஒன்பது கிலோமீட்டர். எட்டு மாதங்களுக்கு முன் ஆட்டோவில் போனோம். திரும்பும்போது ஆட்டோ டிரைவரும் பக்கத்து வீட்டுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் அக்குளில் கை கொடுத்து சரோஜாவைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஒரே வார்த்தைதான் சொன்னாள்... “இனிமே நான் எங்கேயும் வரலைங்க.”

எட்டு மாதமாக வரவில்லை.

சரி, வாங்குவதென்று முடிவாகிவிட்டது. எந்தக் கார்?

இங்கேதான் அரசியல் நுழைந்தது. எங்கள் பூங்காவில் காலை நடைக்கு வருகிறவர்கள் என்னோடு சேர்த்து பதினான்கு பேர். வாட்ஸ்அப் குரூப் உண்டு. அதில் தினமும் ஒருவர் அந்நியப் பொருளைப் புறக்கணிக்கச் சொல்வார். அமெரிக்கா வரி போட்டால் எங்கள் குரூப்தான் முதலில் கொதிக்கும். நானும் கொதித்தேன். “வாங்கினால் இந்தியக் கம்பெனி கார்தான். இது என் வாக்கு” என்று ஒரு நாள் எழுதியும் விட்டேன். பதிமூன்று கட்டைவிரல்கள் வந்தன. சொன்ன வாக்கை மீறுகிறவர் அத்தனை பேருக்கும் டீயும் வடையும் வாங்கித் தர வேண்டும் என்பது குரூப் விதி. அந்த விதியை முன்மொழிந்தவன்... வேறு யார்? நானேதான்.

ஆனால் வெறும் கோஷத்தில் வண்டி வாங்குகிறவன் இல்லை நான். புள்ளியியல் துறையில் முப்பத்து மூன்று வருடம் கட்டம் போட்டவன். நோட்டில் நாற்பத்திரண்டு கட்டங்கள் போட்டேன். மைலேஜ், டிக்கியின் கொள்ளளவு, பாதுகாப்பு ஸ்டார், வைப்பர் பிளேடு விலை வரைக்கும். இந்தியக் கம்பெனியின் உயரமான வண்டி ஒன்று முப்பத்தொரு கட்டங்களில் ஜெயித்தது. தேசமும் கணக்கும் ஒரே பக்கம்! இதைவிட என்ன வேண்டும்?

ஷோரூமில் எங்களை கவனித்தவர் பெயர் கவிதா. நாற்பது வயது இருக்கும். அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு வெள்ளை போர்டு. அதில் விற்பனையாளர்களின் பெயர்கள், இலக்கு, அந்த மாதம் விற்ற எண்ணிக்கை. போர்டைப் பார்த்தால் நான் படிக்காமல் விடுவேனா? கவிதா: இலக்கு எட்டு, விற்றது ஏழு. அன்று மாதத்தின் கடைசி நாள்.

“வாங்க சார், உக்காருங்கம்மா. காபியா, டீயா?” என்று ஆரம்பித்து வண்டியின் பெருமைகளை அடுக்கினார். நானும் சரோஜாவும் தமிழில் தலையாட்டினோம். அவ்வப்போது எங்கள் பாஷையில் பேசிக்கொண்டோம்.

நாங்கள் சௌராஷ்டிரக் குடும்பம். துணிக்கடையோ நகைக்கடையோ, பேரம் பேசும் இடத்தில் வீட்டுப் பாஷைக்குத் தாவுவது எங்களுக்குப் பரம்பரைப் பழக்கம். தமிழில் “பிடிக்கலை” என்போம். சௌராஷ்டிரத்தில் “இதை விட்டுடாதே” என்போம்.

“எட்டே முக்கால் லட்சம் வரைக்கும் போகலாம். ஆனா வாயைத் திறந்துடாதே,” என்றேன் எங்கள் பாஷையில். “இந்தம்மா ரொம்ப இனிக்க இனிக்கப் பேசுது. ஜாக்கிரதை.”

சரோஜா வண்டியைச் சுற்றி வந்தாள். கதவைத் திறந்தாள். படியைப் பார்த்தாள். சீட்டைப் பார்த்தாள். கவிதாவிடம், “நல்லா இருக்கும்மா” என்று தமிழில் சிரித்தாள். பிறகு, அதே சிரிப்போடு, என்னிடம் எங்கள் பாஷையில்:

“இதுல என்னால ஏற முடியாதுங்க. ஊரெல்லாம் சொல்லிட்டீங்க, வாங்கிருங்க. நீங்க மட்டும் போய் அக்காவைப் பாத்துட்டு வாங்க.”

நாற்பத்திரண்டு கட்டங்கள் போட்டேனே... ‘சரோஜா ஏறுவாளா?’ என்று ஒரு கட்டம் போட்டேனா?

“கீழே ஒரு ஸ்டூல் போட்டுக்கலாம்,” என்றேன்.

“நான் ஏறி உக்காந்தப்புறம் ஸ்டூலை யாரு எடுப்பா? அதைத் தூக்கிக்கிட்டு ஊர்வலமா ஒரு ஆளு கூடவே வருமா?”

கவிதா பேனாவை மூடி மேஜையில் வைத்தார். “அம்மா, ஒரு நிமிஷம்.”

சௌராஷ்டிரத்தில்!

மதுரையில் தடுக்கி விழுந்தால் எங்கள் ஜனத்தில் ஒருவர் மேல்தான் விழ வேண்டும். இது கூடத் தோன்றாமல், எட்டே முக்கால் லட்சத்தையும் அவர் காதிலேயே ஓதியிருக்கிறேன்.

“இனிக்க இனிக்கப் பேசுறேன்னீங்க. இப்பக் கசப்பா ஒண்ணு சொல்லட்டுமா சார்?” என்றார். முகத்தில் கோபம் இல்லை, குறும்புதான் இருந்தது. “எங்கம்மாவுக்கும் இதே முட்டிதான். அம்மா, நீங்க காலை முதல்ல வைக்காதீங்க. வண்டிக்கு முதுகைக் காட்டி நில்லுங்க. மொதல்ல உக்காரணும். அப்புறம் ரெண்டு காலையும் சேத்து உள்ள திருப்பணும். எங்க, பாப்போம்.”

சரோஜா முயன்றாள். சீட் அவள் இடுப்புக்கு மேலே இருந்தது. கவிதா இன்னொரு சின்ன வண்டியைக் காட்டினார். அதில் உட்கார முடிந்தது, எழுந்திருக்க முடியவில்லை. அவ்வளவு தாழ்வு.

“எங்ககிட்ட உங்களுக்குத் தோதான வண்டி இல்லைம்மா. நாலு கடை தள்ளி ஒரு ஷோரூம் இருக்கு. அங்க இருக்குற சின்ன வண்டியோட சீட்டு, இந்த ரெண்டுக்கும் நடு உயரம். அதுல உக்காந்து பாருங்க.”

“அது வெளிநாட்டுக் கம்பெனியாச்சே?” என்றேன் நான். விடுவேனா!

“பேரு வெளிநாடு சார். வண்டியை மெட்ராஸ் பக்கத்துல நம்ம பிள்ளைகதான் செய்யுறாங்க. எங்க வண்டி வடக்கேருந்து லாரியில வருது.”

“லாபம் எங்கே போகுது?”

“லாபம் அங்க போகுது, சம்பளம் இங்க வருது. எங்க கம்பெனில ரெண்டும் நம்ம நாட்டுல. அதுல எனக்குப் பெருமைதான் சார், மறைக்கலை. முட்டி நல்லா இருக்கிறவங்க வரட்டும், எட்டு மணி நேரம் பேசி எங்க வண்டியைத்தான் விப்பேன். அம்மாவுக்கு இதை வித்தா, ஒரு வாரத்துல ஷெட்டுல தூங்கும்.”

நான் போர்டைக் காட்டினேன். “உங்களுக்கு இன்னும் ஒண்ணு குறையுதே?”

“மாசம் ஒண்ணா சார்? வருஷத்துக்குப் பன்னெண்டு இருக்கு,” என்று சொல்லிக் கதவு வரை வந்து வழியனுப்பினார்.

எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன், தேசபக்தியை மைக்கில் பேசுகிறவர்களை! தன் கம்பெனியை இவ்வளவு மதித்துக்கொண்டே, தன் எட்டாவது வண்டியை நாலு கடை தள்ளி அனுப்பிவைத்த ஒருவரை இப்போதுதான் பார்க்கிறேன். கொள்கையெல்லாம் நின்றுகொண்டு பேசும்போது சுலபமாக இருக்கிறது. ஏறி உட்காரும்போதுதான் உயரம் தெரிகிறது.

நாலாவது கடை. சரோஜா வண்டிக்கு முதுகைக் காட்டி நின்றாள். உட்கார்ந்தாள். இரண்டு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்பினாள். கதவைத் தானே சாத்திக்கொண்டாள். யாரும் தொடவில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன், ஒன்பது விநாடி.

இறங்கச் சொன்னோம். இறங்கவில்லை. கண்ணாடியைக் கீழே இறக்கி, அங்கிருந்த சேல்ஸ்மேனிடம் கேட்டாள்:

“ஏப்பா, இங்கேருந்து கோச்சடைக்கு எம்புட்டு நேரம் ஆகும்?”

நோட்டை மூடிப் பைக்குள் வைத்துவிட்டேன்.

பதினோரு நாள் கழித்து வண்டி வந்தது. முதல் சவாரி எங்கே என்று சொல்ல வேண்டியதில்லை. அக்கா வாசலுக்கு வந்து கை நீட்டினார். “நீ தள்ளி நில்லுக்கா” என்று சொல்லிவிட்டுத் தானாக இறங்கினாள் சரோஜா. தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது. பார்க்கட்டுமே!

மறுநாள் காலை பூங்காவில் விசாரணை. தலைமை, எங்கள் சேவியர். மிஷன் பள்ளியில் பி.டி. மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். விசில் மட்டும்தான் கழுத்தில் இல்லை.

“என்ன சார், இந்தியக் கம்பெனி, இந்தியக் கம்பெனின்னு அம்புட்டுப் பேசினீங்க. கடைசில கொரியாக்காரனோட கையைக் குலுக்கிட்டீங்களாமே?”

“சேவியர், இந்தத் தீர்ப்பை எந்த நாட்டு ஷூ போட்டுக்கிட்டுச் சொல்றீங்க?”

அவர் குனிந்து பார்த்தார். பதிமூன்று பேரும் குனிந்தார்கள். நான் எண்ணினேன்: ஒன்பது ஜோடி வெளிநாட்டுப் பெயர்.

“அதெல்லாம் செல்லாது. ஷூவுக்கு யாரும் வாக்குக் கொடுக்கலை. எடுங்க காசை!” என்றார். நியாயம்தானே?

பதினான்கு டீ, பதினைந்து ரூபாய் வீதம். பதினான்கு உளுந்த வடை, பத்து ரூபாய் வீதம். ஆக முந்நூற்று ஐம்பது. வடையைக் கடித்துக்கொண்டே சேவியர், மகனுக்கு வண்டி பார்க்கிறோம் என்றார். மகன் ஆறடி, முழங்கால் இரும்பு. கவிதாவின் நம்பரைக் கொடுத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்து வண்டிச் செலவை எழுதினேன். “வடையையும் அதுலயா சேக்குறீங்க?” என்றாள் சரோஜா. பின்னே? வரி, பதிவு, இன்சூரன்ஸ், வடை... ஆக மொத்தம் எட்டு லட்சத்து முப்பத்தேழாயிரத்து ஐந்நூற்று ஐம்பத்தாறு ரூபாய்.