தவமலர் அக்கா மாற்றிப் பூட்டிய விசை

தவமலர் அக்காவின் மகள் மீரா தொலைபேசியில் அழைத்தபோது நான் வேலையில் இருந்தேன். டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில் அக்காவும் நானும் பதினேழு ஆண்டுகள் சேர்ந்து வேலை செய்த அதே முதியோர் இல்லம். காலைச் சாப்பாட்டு நேரம். ஒரு வயோதிபருக்கு ஓட்ஸ் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். மீரா இங்கே பிறந்தவள். எங்களோடு டெனிஷில்தான் கதைப்பாள். அன்றும் டெனிஷில் ஏதோ தொடங்கினாள், முடிக்க முடியவில்லை. பிறகு தமிழில், "அன்ரி, அம்மா போயிட்டா" என்றாள்.

அக்காவின் நோய் எங்கே போய் முடியும் என்று மூன்று மாதங்களாக எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும், கரண்டியைக் கோப்பைக்குள் வைத்துவிட்டுக் கதிரையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு முதலில் வந்தது துக்கம் அல்ல, பயம். ஆபத்தான நேரத்தில் பக்கத்தில் நிற்கக்கூடிய ஒரு ஆள் இனி இல்லை என்ற பயம்.

அக்காவை அறிந்து, அவருடைய நினைவு மலரில் இதை வாசிக்கும் உங்களுக்கு அவரைப் பற்றி ஒரு சங்கடமான கேள்வி எப்போதும் இருந்தது, எனக்கும் இருந்தது. யாழ்ப்பாணத்தில் துவக்குச் சத்தத்துக்கு நடுவில் வளர்ந்து, அதிலிருந்து தப்பி வந்த ஒரு பெண், டென்மார்க்கில் ஏன் துப்பாக்கி சுடும் கழகத்தில் சேர்ந்தார்? கோயில் மண்டபத்தில் ஆட்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். அவருடைய கணவர் சிவநேசன் அண்ணையே ஒரு வருடம் அவரோடு சரியாகக் கதைக்கவில்லை. நான் ஒருநாள் இரவு உடுப்பு மடிக்கும் அறையில் நேராகவே கேட்டேன். அக்கா துவாய்களை மடித்துக்கொண்டே பதில் சொன்னார்.

"சத்தத்துக்கு இல்லை, இந்திரா, நான் பயந்தது. அது எப்ப கேக்கும் எண்டு தெரியாமல் இருந்ததுக்குத்தான் பயந்தனான். அங்கை கழகத்திலை அது எப்ப கேக்கும் எண்டு எனக்குத் தெரியும். நான் விரலை அமத்தினால்தான் கேக்கும்."

பத்து ஆண்டுகளுக்கு மேலாகச் சுட்டார். கெட்டிக்காரி. வட்டாரப் போட்டிகளில் வாங்கிய சின்னச் சின்னக் கிண்ணங்களைச் சாமிப் படத்துக்குக் கீழே வைத்திருந்தார். பிறகு வலதுகை கரைச்சல் தரத் தொடங்கியது. நோயாளர்களைத் தூக்கித் தூக்கி அந்தக் கையின் நரம்பு வீங்கிவிட்டது. அவருடைய கைத்துப்பாக்கியில் தொழிற்சாலையில் பூட்டி வந்த விசை, விரலால் இழுக்கும் அந்தப் பாகம், கனமானது. முதலில் கொஞ்சத் தூரம் கரகரவென்று இழுபட்டு, பிறகுதான் வெடிக்கும். ஒரு சுற்று முடிவதற்குள் விரல் விறைத்துவிடும் என்று சொல்லுவார்.

கழகத்தில் பலரும் செய்வதுபோல அவரும் வேறு விசை ஒன்றை வாங்கி மாற்ற முடிவெடுத்தார். ஜெர்மனியிலிருந்து தபாலில் வந்தது. எனக்குக் காட்டினார், என் உள்ளங்கைக்குள் அடங்கியது. வளைந்த ஒரு இரும்புத் துண்டு, இரண்டு மூன்று சுருள் வில்லுகள், ஒரு ஆணி. இவ்வளவு சின்னச் சாமானா என்று நினைத்தேன். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, குசினி மேசையில் வெள்ளைத் துணி விரித்துத் தானே பூட்டினார். விசை அளவுக்கு மிஞ்சி இலேசாகிவிட்டதா என்று கழகத்தில் விதிப்படி பாரம் தொங்கவிட்டுப் பார்த்தார்கள், சரியாக இருந்தது. அதன் பிறகு அவருடைய புள்ளிகள் ஏறின. அந்தச் சந்தோஷத்தில், கழகத்து நண்பர் ஹென்றிக்குக்கும் அதே விசையை வாங்கச் சொன்னார். ஹென்றிக் ஓய்வுபெற்ற பேருந்துச் சாரதி. உள்ளதே போதும் என்றுதான் அந்த மனிதர் முதலில் சொன்னார். அக்கா விடவில்லை. அவருடையதையும் அதே குசினி மேசையில் அக்காவே பூட்டிக் கொடுத்தார்.

ஒருமுறை வந்து பாரும், ஒருமுறை வந்து பாரும் என்று என்னை வருடக் கணக்காகக் கூப்பிட்டார். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போனேன். விளையாட்டு மண்டபத்துக்குக் கீழே, நிலத்தடியில் நீளமான ஒரு அறை. காதுக்கு மூடி தந்தார்கள். அக்காவுக்குப் பின்னால் மூன்றடி தள்ளி நீளமான ஒரு மர வாங்கில் இருத்தினார்கள். முதல் சத்தத்துக்கே வாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். மூன்றாவது சுற்றில்தான் கையை எடுத்தேன்.

நாலாவது சுற்றுக்கு அக்கா தோட்டாக்கள் அடைத்த ரவைக்கூட்டைப் போட்டு, ரவையைக் குழலுக்குள் ஏற்றுவதற்காகத் துப்பாக்கியின் மேல்பகுதியை இழுத்து விட்டார். அவருடைய சுட்டுவிரல் விசையில் இல்லை. வெளியே, பக்கவாட்டில் நீட்டியபடி இருந்தது. நான் அந்த விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்; சத்தம் எப்போது வரும் என்று தெரிந்துகொள்வதற்காக. விரல் அசையவில்லை. துப்பாக்கி வெடித்தது.

அடுத்து எனக்குத் தெரிந்தது, நான் வாங்குக்குக் கீழே கிடந்தேன். ஐம்பது வயதில், டென்மார்க்கில், முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு. நான் எப்போது விழுந்தேன் என்று எனக்கே தெரியாது.

ரவை முன்னால் இருந்த மண்சுவருக்குள் போயிருந்தது. எந்த நேரமும் குழல் முன்பக்கம் பார்க்க வேண்டும் என்ற பழக்கத்தை அக்கா அந்தப் பத்து ஆண்டுகளில் ஒரு தடவையும் விட்டதில்லை. அன்று எங்களைக் காத்தது அதுதான். அவர் மெதுவாகத் துப்பாக்கியை வெறுமையாக்கி மேசையில் வைத்தார். பொறுப்பாளரைக் கூப்பிட்டு, விரல் படாமல் வெடித்தது என்று டெனிஷில் சொன்னார். குரல் சாதாரணமாக இருந்தது. என் பக்கம் திரும்பியபோது முகத்தில் இரத்தமே இல்லை.

"ஹென்றிக்" என்றார். உடனே தொலைபேசியை எடுத்தார்.

ஹென்றிக் அன்று ஒடென்சே நகரில் ஒரு போட்டியில் இருந்தார், அக்காவின் கை பூட்டிய அதே விசையோடு. அவருடைய தொலைபேசிக்கு எடுத்தோம், பதில் இல்லை. சுடும் இடத்தில் எல்லோரும் தொலைபேசியை அணைத்து வைத்திருப்பார்கள். ஒடென்சேக் கழகத்தின் இலக்கத்துக்கும் பதில் இல்லை. கழகப் பொறுப்பாளர், ஒன்றில் பிழை என்றால் மற்றதிலும் பிழை இருக்க வேண்டுமென்று இல்லையே, நான் தொடர்ந்து எடுத்துப் பார்க்கிறேன், நீ வீட்டுக்குப் போய்த் தேநீர் குடி என்று ஆறுதலாகச் சொன்னார். அக்கா தன் கார்த் திறப்பை என்னிடம் நீட்டினார்.

"எனக்குக் கை நடுங்குது. நீர் ஓடுவீரே?"

வாங்கிக்கொண்டு ஓட்டினேன். ஒன்றரை மணி நேரப் பாதை. வைலெ நகரைத் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. மிடெல்பார்ட் பாலத்தில் காற்று காரைப் பக்கவாட்டில் தள்ளியது. இரண்டு கையாலும் சுக்கானை இறுக்கிப் பிடித்தேன். பக்கத்தில் அக்கா அழைப்பதும் வைப்பதும் திரும்ப அழைப்பதுமாக இருந்தார். ஹென்றிக்கின் முறை எத்தனை மணிக்கு என்று எங்களுக்குத் தெரியாது. முடிந்திருக்கலாம். அந்த நிமிடமே அவர் மேல்பகுதியை இழுத்துவிட்டுக்கொண்டிருக்கலாம். அவருடைய மனைவி எப்போதும் அவருக்குப் பின்னால் இருந்து பார்ப்பவர். என் கண்ணுக்கு முன்னால் பாதையே இல்லை. நீட்டிய அந்த விரலும் அசையாத நகமும்தான் இருந்தன.

பாதி வழியில் அக்கா ஒரே ஒரு தடவைதான் கதைத்தார். "அந்த மனுசன் வேண்டாமெண்டுதான் சொன்னவர், இந்திரா. நான்தான் நல்லம் நல்லம் எண்டு பூட்டிக் குடுத்தனான்."

நான் வேகத்தைக் கூட்டினேன். எனக்கும் அதே பயம்தான்.

ஒடென்சேயில் அந்த மண்டபத்தைக் கண்டுபிடித்து, மணியை அடித்து, யாரோ வந்து கதவைத் திறப்பதற்கு எத்தனை நிமிடம் ஆனதோ தெரியாது. உள்ளே நீளமான ஒரு கண்ணாடி. அதற்கு அப்பால் ஆறு பேர் வரிசையாக நின்றார்கள். மூன்றாவது ஆள் ஹென்றிக். உயிரோடு, நரைத்த தலையோடு, ரவைக்கூட்டைக் கையில் எடுத்துக்கொண்டு. அவர் மனைவி பின்னால் ஒரு கதிரையில் இருந்தார். அக்கா கண்ணாடியில் தட்டினார். எல்லோருக்கும் காது மூடியிருந்தது, ஒருவரும் திரும்பவில்லை. அக்கா பக்கத்துக் கதவைத் திறந்து, காதுமூடி இல்லாமல், வரிசைக்குப் பின்னால் போய் நின்று, தன் முழுக் குரலில் "ஸ்டொப்" என்றார்.

அந்தச் சொல்லை யார் சொன்னாலும் எல்லோரும் நிறுத்த வேண்டும் என்பது அவர்களுடைய விதி. ஆறு துப்பாக்கிகளும் மேசைக்கு இறங்கின. எல்லா முகமும் திரும்பியது. மழையில் நனைந்த கம்பளிச் சட்டையோடு ஒரு தமிழ்ப் பெண் நின்றார். அத்தனை பேருக்கும் முன்னால் அவர் டெனிஷில் சொன்னார்: ஹென்றிக்கின் துப்பாக்கியில் நான் பூட்டிய விசை இருக்கிறது, என்னுடையது இன்று காலை தானாக வெடித்தது, இதையும் பார்க்க வேண்டும்.

போட்டியை நிறுத்தினார்கள். நடுவர் ஹென்றிக்கின் துப்பாக்கியை வாங்கி, விரலை வெளியே வைத்து, ஒவ்வொரு ரவையாகப் போட்டு, மேல்பகுதியை இழுத்து இழுத்து விட்டுப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் நான் கண்ணை மூடினேன். பத்துக்கு மேற்பட்ட தடவை. ஒருமுறைகூட அது தானாக வெடிக்கவில்லை. பின்வரிசையில் யாரோ சிரித்தார். ஆனால் சந்தேகம் வந்த துப்பாக்கியை அன்று பாவிக்க விட முடியாது என்று நடுவர் சொல்லிவிட்டார். ஹென்றிக் வருடம் முழுவதும் காத்திருந்த போட்டி அது. அவர் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் பையை மூடினார்.

வெளியே, சைக்கிள்கள் நிறுத்தும் இடத்தில் அக்கா குந்தியிருந்து அழுதார். அவமானம் என்று நினைத்தேன். தோளில் கை வைத்தேன். அவர் தலையை ஆட்டினார்.

"இல்லை இந்திரா. எனக்குச் சந்தோஷம். நான் பயந்தது வீணாப் போச்சு. பயம் வீணாப் போறது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமே?"

அதன் பிறகு நடந்தது உங்களில் பலருக்குத் தெரியாது. அக்கா வெளியில் சொல்லவில்லை. அவருடைய துப்பாக்கியை ஒரு துப்பாக்கி திருத்துநர் திறந்து பார்த்தார். ஒரு சின்ன வில்லு இருக்க வேண்டிய இடத்தில் சரியாக அமரவில்லை, நாள்படத் தள்ளுப்பட்டுவிட்டது. விற்றவர்களின் மேல் பழியைப் போட்டிருக்கலாம். கழகத்துக்கு அவர் தானே எழுதிக் கொடுத்தார்: "சாமானில் பிழை இல்லை. என் கையில்தான் பிழை." கழகம் சில மாதங்கள் அவரைச் சுட விடவில்லை. திரும்பிப் போனபோது, தொழிற்சாலையில் வந்த பழைய கனத்த விசையையே திருத்துநரைக் கொண்டு பூட்டுவித்திருந்தார். புள்ளிகள் இறங்கின. கை வலித்தது. 

கடைசி மாதங்களில் நான் வேலை முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போவேன். ஒருநாள் மீரா கோப்பி எடுக்க வெளியே போன நேரம், பயமாக இருக்கிறதா அக்கா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது என்று உடனே தோன்றியது. அவர் என்னைப் பார்த்துச் சாதாரணமாகச் சொன்னார்: "ஓம். சரியான பயம். நீர் கொஞ்சம் இரும்." நான் இருந்தேன். இருட்டும்வரை.

இறுதிச் சடங்குக்கு ஹென்றிக் வந்திருந்தார். ஒடென்சேக்குப் பிறகு அக்காவும் அவரும் தலையசைப்பதோடு சரி. கோப்பி குடிக்கும் இடத்தில் என்னிடம் வந்து நின்றார். அந்தப் போட்டிக்கு மறுநாள் மாலை அக்கா அவருடைய வீட்டு வாசலுக்கு வந்து மணி அடித்தாராம். ஜன்னல் வழியாகக் கண்டும் தான் கதவைத் திறக்கவில்லை என்றார். "வெகுநேரம் நின்றாள். எனக்கு என் போட்டிதான் பெரிதாக இருந்தது" என்று டெனிஷில் சொன்னார். கோப்பையை மேசையில் வைத்தார். நான் அவருக்கு மன்னிப்பு எதுவும் சொல்லவில்லை. அதைக் கொடுக்க வேண்டியவர் அக்கா. அருகில் நின்றேன்.

நான் பயந்த சுபாவம். அது மாறவில்லை. அந்த நிலத்தடி அறைக்கு மறுபடி போகவுமில்லை. ஆனால் போன கிழமை வேலையில் ஒன்று நடந்தது. மருந்துப் பெட்டிகளைக் கொடுத்து முடித்து, கையைக் கழுவும்போது திடீரென்று ஒரு சந்தேகம்: பதினொன்றாம் அறைக்குரியதைப் பன்னிரண்டுக்குக் கொடுத்துவிட்டேனோ? ஒருவரும் பார்க்கவில்லை. பெட்டிகள் இரண்டும் வெறுமை. பன்னிரண்டாம் அறைக்காரி சிரித்துக்கொண்டு தொலைக்காட்சி பார்த்தாள். நான் பேசாமல் இருந்தால் ஒன்றும் தெரியவராது. வேலை போகும், ஊர் கதைக்கும் என்று நினைத்தேன். முன்பு என்றால் கடவுளை நேர்ந்துகொண்டு வாயை மூடியிருப்பேன்.

தாதியின் அறைக்கு நடந்து போனேன். கதவைத் தட்டினேன். நான் பிழை விட்டிருக்கலாம், இப்போதே பாருங்கள் என்று சொன்னேன். பாதியில் டெனிஷ் சொல் மறந்து தமிழும் வந்தது. ஆனாலும் சொல்லி முடித்தேன். தவமலர் அக்காவிடமிருந்து எனக்கு வந்தது இதுதான். இதை நான் வைத்துக்கொள்கிறேன்.