கமலநாயகியின் பாஸ்போட்

ஜெர்மனியின் எசன் நகரத் தமிழ் மெதடிஸ்த சபையில் பதினாறு வருடமாகப் பிரசங்கம் செய்துவந்த றீற்றா, வாரநாட்களில் ஒரு முதியோர் இல்லத்தில் தாதி. தொண்ணூற்றொன்றில் பருத்தித்துறையிலிருந்து வந்தவர். பிரசங்கத்திலும் குரலை உயர்த்தமாட்டார்.

போன பங்குனியில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து சபை மண்டபத்தில் சாப்பாடு பரிமாறிய கமலநாயகியின் கையில் எரிகாயம் சீழ் பிடித்திருந்ததைக் கண்டார். சபைச் செயலாளர் தபோதரனின் வீட்டில் சமைக்கவும் பிள்ளைகளைப் பார்க்கவும் கிளிநொச்சியிலிருந்து வந்தவர் கமலநாயகி.

"டொக்டரிட்டைக் காட்டினனீங்களோ?"

"ஏலாது அக்கா. பாஸ்போட் அவரிட்டை. தனியப் போனால் பொலிஸ் பிடிச்சு அனுப்பிப்போடுமாம். ரெண்டு வருசமா இந்த மண்டபத்துக்கு மட்டுந்தான் வாறன்."

அடுத்த நாள் றீற்றா பெண்களுக்கான உதவி நிலையமொன்றுடன் பேசினார். அந்தப் பெண் விரும்பினால் தங்க இடம் தருவோம் என்றார்கள். செவ்வாய் காலை விடுப்பு எடுத்து, தபோதரன் வேலைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து அவர் வீட்டு மணியை அடித்தார். கமலநாயகி கதவைத் திறந்தார்.

"வாறீங்களோ? ஓம் எண்டால் இப்பவே போவம்."

கமலநாயகி வாசல் கமராவை நிமிர்ந்து பார்த்தார். "இதை அவர் போனிலை பாப்பார்." பிறகு, "ஓம்" என்று உள்ளே ஓடினார். றீற்றா கதவுக்குள்ளே வந்து நின்றார். உடுப்புப் பையோடு திரும்பும்போது கார் வந்து நின்றது.

தபோதரன் உள்ளே வந்து கதவைப் பூட்டித் திறப்பைச் சட்டைப்பையில் போட்டார்.

"அக்கா, இது எங்கடை வீட்டு விசயம். நீங்கள் பைபிளைப் பாருங்கோ."

"அதைப் பாத்துத்தான் வந்தனான். பாஸ்போட்டைக் குடுங்கோ."

"சபை உடையும். மண்டபம் என்ரை பேரிலை இருக்கு."

"உடையட்டும்."

றீற்றா போனை எடுத்தார். பொலிஸ் இலக்கமான 110ஐ அழுத்தி ஜெர்மனில் விலாசத்தைச் சொன்னார். தபோதரன் போனைப் பறித்தபோது விலாசம் போய்ச் சேர்ந்துவிட்டது. பதினொரு நிமிடம் மூவரும் நின்றார்கள். கமலநாயகி றீற்றாவின் கோட்டுக் கையை விடவேயில்லை.

பொலிஸ் வந்து மணி அடித்ததும் தபோதரனே கதவைத் திறந்து, ஏதோ பிழையாக விளங்கிக்கொண்டுவிட்டார்கள் என்று சிரித்தார். ஜெர்மன் தெரியாத கமலநாயகி அலுமாரியை நோக்கி விரலை நீட்டினார். "பாஸ்போட்" என்றார். பொலிஸ்காரிக்கு அது விளங்கியது.

வழக்கு இன்னும் நடக்கிறது. மண்டபத்தின் பூட்டு மாற்றப்பட்டுவிட்டது. றீற்றாவின் வீட்டு வரவேற்பறையில் இப்போது ஒன்பது பேர்தான் ஆராதனைக்கு வருகிறார்கள். "எங்கடை ஆளைக் காட்டிக்குடுத்திட்டீங்கள்" என்று சொல்லிச் சிலர் போனை வைத்துவிடுகிறார்கள். கமலநாயகியின் கை ஆறிவிட்டது. ஜெர்மன் வகுப்புக்குப் போகிறார். தபோதரனின் பிள்ளைகள் ஞாயிறு பள்ளியில் றீற்றாவிடம் படித்தவர்கள். இப்போது தெருவில் கண்டால் மறுபக்கம் போய்விடுகிறார்கள்.