முப்பத்தாறு ஜோடி ஷூ

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு உதவிப் பொருள் கொண்டுபோய்க் கொடுக்கும் தொண்டு வேலையில் சம்பளம் கிடையாது. அதிர்ச்சி மட்டும் தவறாமல் கிடைக்கும். இதில் மாட்டிக்கொண்ட உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மனைவி காலமான பிறகு, வீட்டில் பேச ஆளில்லாமல்தான் மயிலாப்பூரில் ஒரு சிறு குழுவில் சேர்ந்தேன்.

வாய் பிளந்த ஷூ

இலங்கை மலையகத்தில் ஒரு தோட்டப் பள்ளி. தேயிலைக்குள் போகும் பாதை முழுக்க ரத்தம் உறிஞ்சும் அட்டை. வெறுங்காலோடு வரும் பிள்ளைகள் ரத்தம் ஒழுக வகுப்பில் உட்காருகிறார்கள். மழை வலுத்தால் வருவதையே நிறுத்திவிடுகிறார்கள். முப்பத்தாறு பேருக்கு ஷூ (அங்கே அதற்குச் சப்பாத்து என்று பேர்) வேண்டும் என்று அங்கிருந்து ஆசிரியை கேட்டிருந்தார்.

தெருவில் சொல்லிவைத்தோம். முதலில் வந்தவர் எதிர்வீட்டு மாமி. பையைத் திறந்தால், அடிப்பாகம் பிய்ந்து வாய் பிளந்த ஒரு ஜோடி. நான் அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்ததும் மாமியே விளக்கம் சொன்னார்: "ஆத்துல குப்பையில போட மனசே வரலை. அந்தக் கொழந்தைகளுக்குக் கொடுத்தா புண்ணியமாவது கெடைக்கும்னு எடுத்துண்டு வந்தேன்."

ஒரே கால்

புதிதாகவே வாங்குவது என்று அன்றே முடிவு செய்தோம். அளவுக்கு என்ன செய்வது? ஆசிரியை ஒவ்வொரு பிள்ளையையும் தாளில் நிற்கவைத்து, பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் வரைந்து, படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். குளக்கரை ஜெராக்ஸ் கடையில் முப்பத்தாறையும் அச்செடுத்துக்கொண்டு, பெருமையாக தி.நகர் செருப்புக் கடைக்குப் போனேன்.

விற்பனையாளர் பாஷா தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பார்த்தார். முப்பத்தாறு பாதமும் ஒரே நீளம். ஜெராக்ஸ் மெஷின் எல்லாப் படத்தையும் தாள் நிறைய வருமாறு பெரிதாக்கியிருந்தது. பாஷா சிரிக்கக்கூட இல்லை. "இன்னா சார் இது? ஒண்ணாங்கிளாஸ் பாப்பாவுக்கும் எட்டாங்கிளாஸ் பையனுக்கும் ஒரே சைஸ்ல கால் கீது!"

படம் எடுத்த பிறகு

மறுபடி போன் செய்து, ஆசிரியையை ஸ்கேலால் அளக்கச் சொல்லி, சென்டிமீட்டர் கணக்கில் ஷூ வாங்கினோம். இந்த முறை எல்லாம் பொருந்தியது. நானே இலங்கைக்கு நேரில் போய் மாட்டிவிட்டேன். கொடுத்தவர்களுக்குக் காட்ட வேண்டுமே என்று ஒவ்வொருவரையும் என் போனில் போட்டோவும் எடுத்தேன்.

மூன்றாம் வகுப்பு தர்ஷினி போட்டோ முடிந்ததும் தரையில் உட்கார்ந்தாள். ஷூவைக் கழற்றினாள், பாவாடை நுனியால் அடிப்பாகத்தைத் துடைத்தாள், பெட்டிக்குள் வைத்து என்னிடம் நீட்டினாள். கடிக்கிறதோ என்று குனிந்து கேட்டேன்.

"இல்ல சேர். படம் எடுத்தாச்சு தானே?"

ஆசிரியை என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: முன்பு வந்த ஒரு கூட்டம் புத்தகப்பை கொடுத்துப் படம் எடுத்துவிட்டு, அடுத்த பள்ளியில் படம் எடுக்க அதே பைகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டதாம். போனை உள்ளே வைத்துவிட்டு, "இது உன்னோடதும்மா, யாரும் கேக்க மாட்டாங்க" என்று மறுபடி மாட்டிவிட்டேன். வாசல்வரை மெல்ல நடந்தவள் திரும்பி வந்தாள்.

"சப்பாத்துல சேறு பட்டா ஏச மாட்டீங்க தானே சேர்?"

இந்த வேலைக்குக் கிளம்புகிறவர்களே, ஷூ மாட்டிவிட ஐந்து நிமிஷம் போதும், அது தன்னுடையதுதான் என்று பிள்ளையை நம்பவைக்க ஒரு நாள் தனியாக ஒதுக்கிக்கொள்ளுங்கள்.